வேருக்குச் சாரல்: வள்ளியூர்ப் பக்கம் மண்ணில்லாமல் நாற்று வளர்த்த அனுபவம்

வள்ளியூரில் ஆர்.ஓ. மெஷின் சர்வீஸ் செய்வது என் தொழில். பணகுடி, ராதாபுரம், திசையன்விளை, உவரி என்று பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறவன். அந்தப் பையில் கிடக்கிற சாமானை வைத்தே மண்ணில்லாமல் செடி வளர்க்கலாம் என்று தெரிந்த நாளில் பிடித்த ஆர்வம் இன்னும் விடவில்லை. பூஸ்டர் பம்ப், கரண்டில் திறந்து மூடும் சோலனாய்டு வால்வு, கால் இன்ச் டியூப், பிரஷர் டேங்க், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் எல்லாம் ஏற்கெனவே கையில் இருந்தன. மேற்கொண்டு வாங்கியது சாரல் தெளிக்கும் பித்தளை நாசில், வினாடிக் கணக்கில் ஓடும் டைமர், ஒரு பிரஷர் சுவிட்ச், அப்புறம் உரம். ஏரோபோனிக்ஸ் என்று பெரிய பண்ணைகளில் நடப்பதன் அடிப்படையும் இவ்வளவுதான். இருட்டான மூடிய பெட்டிக்குள் வேர் அந்தரத்தில் தொங்கும். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை, சில வினாடிகள் மட்டும், உரம் கரைந்த தண்ணீர் சாரலாக அதன்மேல் படியும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலுக்கும், நம் ஊர்ப் போர் தண்ணீருக்கும், நம் சந்தையில் கீரை விற்கும் விலைக்கும் இதை வைத்துக் கீரை வியாபாரம் செய்வது கட்டுபடியாகாது. ஆனால் குச்சியை வேர்விட வைப்பதற்கும் நாற்றுத் தயார் செய்வதற்கும் இதைப்போல ஒரு கருவி நான் பார்த்ததில்லை. மண்ணுக்குப் பதிலாக என்று நினைக்காமல், மண்ணுக்குப் போவதற்கு முந்தைய இடம் என்று நினைத்தால் இதன் பலன் புரியும்.

எங்கள் வீட்டில் ஆச்சிதான் முதலில் கேட்டாள். “மண்ணு இல்லாம எப்படிலே செடி வரும்? வேரு காத்துல தொங்குனா காஞ்சுல்லா போவும்?” கேள்வி சரியானது. வேர் காயும், அதுவும் நம் ஊர்ச் சித்திரையில் வெகு சீக்கிரம் காயும். ஆனால் வேர் கெடுவதற்கு இன்னொரு வழியும் இருக்கிறது. அது மூச்சு முட்டுவது. வேரும் மூச்சு விடுகிறது. காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் இருக்கிறது. தண்ணீரில் கரைந்திருப்பதோ 20 டிகிரி வெப்பத்தில் லிட்டருக்கு 9 மில்லிகிராம்தான். தண்ணீர் 30 டிகிரிக்குச் சூடானால் அது ஏழரையாகக் குறைகிறது. தொட்டியில் தண்ணீர் கட்டி நின்று செடி மஞ்சளாகிச் சாவது இதனால்தான். மாஞ்சோலைக்கு ஏறுகிற வழியில் மரக்கிளைகளில் ஆர்க்கிட் செடிகள் ஒட்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் வேருக்கு மண் கிடையாது. மலை மேகமும் மழைத்துளியும் காற்றும்தான். வேர்மேல் மெல்லிய ஈரப்படலம் இருக்க வேண்டும், அதைச் சுற்றிக் காற்று இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுப்பதற்குத்தான் சாரல்.

துளியின் அளவு முக்கியம். 5 முதல் 50 மைக்ரான் வரையிலான துளிகளே வேருக்கு உகந்தவை என்று இதில் ஆராய்ச்சி செய்தவர்கள் சொல்கிறார்கள். நம் தலைமுடியின் பருமனே கிட்டத்தட்ட 70 மைக்ரான். அவ்வளவு நுணுக்கமான துளி வர 80 முதல் 100 பி.எஸ்.ஐ. அழுத்தம் வேண்டும், நாசில் துளை 0.4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அழுத்தம் குறைந்தால் சாரல் தூறலாகிவிடும். வேர்மேல் தண்ணீர் கனமாக வழியும், பஞ்சு போன்ற வேர்த்தூவிகள் வராது. அலங்காரத்துக்கு விற்கிறார்களே, தண்ணீரில் போட்டால் புகை கிளப்பும் வட்டு, அதை வைத்தும் சிலர் செய்கிறார்கள். அது தண்ணீரைச் சூடாக்குகிறது, உர உப்பு வட்டின்மேல் படிந்து சீக்கிரம் நின்றுபோகிறது. நம் ஊருக்கு அது வேண்டாம்.

இனி தண்ணீர். இதில்தான் எங்கள் பக்கத்து ஆட்கள் அதிகம் கவனம் வைக்க வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்குத் தாமிரபரணியும் கன்னடியன் கால்வாயும் கோடகன் கால்வாயும் இருக்கின்றன. அந்த ஆற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு. நாங்குநேரி தாண்டித் தெற்கே வந்தால் குளத்தை நம்பிய ஊர்கள். ராதாபுரம் கால்வாய்க்குக் கோதையாறு அணைகளிலிருந்து தண்ணீர் வர வேண்டும். நம்பியாறு மழை பெய்தால் ஓடும். மற்ற நாளெல்லாம் போர்தான். கடலோரம் போகப் போக என் மீட்டரில் டி.டி.எஸ். 1000, 1500 என்று ஏறும். சில வீடுகளில் 2000-ஐயும் தாண்டும்.

இந்தத் தண்ணீரில் கீரை ஏன் நன்றாக வராது என்பதை ஒரு கணக்கில் காட்டலாம். பேனா மாதிரி இருக்கிற டி.டி.எஸ். மீட்டர் உண்மையில் அளப்பது மின்கடத்துத் திறனை, அதாவது ஈ.சி.யை. பெரும்பாலான மீட்டர்கள் அதைப் பாதியாக்கி டி.டி.எஸ். என்று காட்டும். கீரைக்குத் தேவையான முழு உரக்கரைசலின் ஈ.சி. 1.2 முதல் 2 மில்லிசீமன்ஸ் வரை, அதாவது 1200 முதல் 2000 மைக்ரோசீமன்ஸ். அதில் பாதியாக மீட்டரில் 600 முதல் 1000. உரம் எதுவும் போடாமலே தண்ணீர் 1500 காட்டினால் செடி தாங்கும் அளவை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி செடிக்கு வேண்டாத சோடியமும் குளோரைடும். செடி எடுத்துக்கொள்ளாத உப்பு சுற்றிச் சுற்றி வருகிற கரைசலில் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். சுண்ணாம்புச் சத்து வேறு நாசிலில் படிந்து துளையை அடைக்கும்; அமில, கார அளவைக் காட்டும் பி.எச். மேலே ஏறி இரும்புச்சத்து செடிக்குக் கிடைக்காமல் போகும், துளிர் இலை வெளுக்கும்.

எனவே ஆர்.ஓ. தண்ணீர் அல்லது மழைத்தண்ணீர். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வரும்போது மூன்று லிட்டர் அளவுக்குக் கழிவாகப் போகிறது. தண்ணீரை மிச்சப்படுத்தும் விவசாயம் என்று சொல்லிக்கொண்டு அதைச் சாக்கடையில் விடுவது சரியில்லை. தரை துடைக்க, கழிப்பறைக்கு ஊற்ற என்று பயன்படுத்துங்கள், தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும், அதற்கு விடலாம். என்னைக் கேட்டால் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைப்பதுதான் மேல். 100 சதுர அடி மொட்டை மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்குமேல் கிடைக்கும். முதல் மழையைக் கழுவிவிட்டு, அடுத்ததைத் துணி கட்டி வடித்து, வெளிச்சம் புகாத தொட்டியில் மூடி வையுங்கள். குச்சி வேர்விடும் பெட்டிக்கு அது மாதக்கணக்கில் வரும்.

பெட்டிக்கு நான் தேடிப் போனது உவரி, இடிந்தகரைப் பக்கம் ஐஸ் போட்டு மீன் ஏற்றும் தெர்மாகோல் பெட்டி. வெளிச் சூட்டை உள்ளே விடாது, விலையும் குறைவு. நாலைந்து தடவை நல்ல தண்ணீரில் கழுவி, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து, வெயிலில் காயப்போட்டால் உப்பும் வாடையும் போகும். தெர்மாகோல் வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே விடும். விட்டால் பாசி பிடிக்கும். அதனால் உள்பக்கம் கறுப்புப் பாலிதீன் ஷீட் விரிக்க வேண்டும். வெளியே வர்ணம் அடிப்பதானால் தண்ணீரில் கரையும் எமல்ஷன் மட்டும்தான். தின்னர் கலந்த பெயிண்ட் பட்டால் தெர்மாகோல் கரைந்து குழி விழும். மூடியில் இரண்டு அங்குல வட்டமாக வெட்டி, குச்சியைச் சுற்றி ஸ்பாஞ்ச் வைத்துச் சொருக வேண்டும். தென்னைநார்க் கழிவை இதற்குள் கொண்டுவராதீர்கள்; அதன் தூள் முதலில் போய் உட்காருவது நாசிலில். பெட்டியை ஒரு பக்கம் லேசாகச் சரித்து வைத்தால் வழிகிற தண்ணீர் மூலையில் உள்ள குழாய் வழியாக வாளிக்குப் போகும்.

இணைப்பு வரிசை இப்படி: தண்ணீர் டிரம், செடிமெண்ட் ஃபில்டர், பூஸ்டர் பம்ப், ஒருவழி வால்வு, பிரஷர் டேங்க், பிரஷர் சுவிட்ச், சோலனாய்டு, நாசில். ஆர்.ஓ. மெஷினில் இருக்கிறதே என்று கார்பன் ஃபில்டரையும் சேர்க்க வேண்டாம். அது கரைசலில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆர்.ஓ.வில் வரும் ஹை பிரஷர் சுவிட்ச்சும் இதற்கு உதவாது. அது குறைந்த அழுத்தத்திலேயே கட் ஆகிவிடும். கம்ப்ரசர் சாமான் விற்கும் கடையில் அழுத்தத்தைத் திருகி மாற்றும் சுவிட்ச் கிடைக்கும். டேங்க் ஸ்டீலாக இருக்கட்டும், பிளாஸ்டிக் டேங்க் இந்த அழுத்தத்துக்கு ஆபத்து. வாங்கும்போதே எத்தனை பி.எஸ்.ஐ. தாங்கும் என்று அதில் எழுதியிருப்பதைப் பாருங்கள், அதற்குக் கீழேயே சுவிட்ச்சைக் கட் ஆக வையுங்கள். டேங்க் அடியில் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வு இருக்கும். தண்ணீரை முழுக்க இறக்கிவிட்டு அதன் வழியாகக் காற்றை 60 பி.எஸ்.ஐ. வரை ஏற்றிக்கொண்டால் டேங்க் நன்றாக வேலை செய்யும். சோலனாய்டு நாசிலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தூரமாக இருந்தால் டியூபில் மிச்சமிருக்கும் தண்ணீர் நாசிலில் சொட்டிக்கொண்டே இருக்கும்.

நாசில் அடைத்தால் ஊசியால் குத்தாதீர்கள். பித்தளை மெத்தென்றது, துளை பெரிதாகிவிட்டால் அது மறுபடி சாரல் தராது. சிட்ரிக் ஆசிட் கரைசலில் இரவு முழுக்கப் போட்டு வைத்தால் காலையில் ஊதினாலே திறந்துகொள்ளும். இரண்டு நாசில் கூடுதலாகக் கையில் வைத்திருங்கள்.

எத்தனை வினாடிக்குச் சாரல் விட வேண்டும் என்பதற்கு ஒரே அளவு கிடையாது. கோடையில் பகலில் மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 4, 5 வினாடி. ராத்திரி ஆறு, ஏழு நிமிடத்துக்கு ஒரு தடவை. இதிலிருந்து தொடங்கி, வேரைப் பார்த்து மாற்ற வேண்டும். அடுத்த சாரல் வருவதற்குச் சற்று முன்னால் மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பாருங்கள். வேர்த்தூவிகளில் பொடிப்பொடியாகத் துளி மின்னிக்கொண்டிருக்க வேண்டும். எதுவும் கீழே சொட்டக்கூடாது. சொட்டினால் வினாடியைக் குறையுங்கள். வேர்நுனி மினுமினுப்பு இழந்து மங்கலாகத் தெரிந்தால் இடைவெளியைக் குறையுங்கள். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று பணகுடி, முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றுகிறது அல்லவா, அதே காற்று இலையிலிருந்து தண்ணீரை உறிஞ்சி எடுக்கிறது. அந்த மாதங்களில் பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் நிழல்வலை கட்டாமல் எந்த டைமர் கணக்கும் நிற்காது.

வெயில் இதைவிடப் பெரிய எதிரி. கரைசல் 18 முதல் 24 டிகிரி வரை இருந்தால் வேர் சுகமாக இருக்கும். 28-ஐத் தாண்டினால் ஆக்சிஜன் குறைந்து, பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி வேரைப் பிடிக்கும். வெள்ளை வேர் பழுப்பாகி, தொட்டால் வழுவழுவென்று தோல் கழன்று வரும், வாடை அடிக்கும். அந்தச் செடியை உடனே எடுத்துவிட்டுப் பெட்டியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவ வேண்டும். டிரைக்கோடெர்மா என்ற நன்மை செய்யும் பூஞ்சையைக் கலக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மண்ணில் அது நல்ல மருந்து, இங்கே அதன் பொடி நாசிலை அடைக்கும். வராமல் தடுப்பதுதான் வழி. மொட்டை மாடியில் வைக்காதீர்கள். எங்கள் வீட்டில் மாடு விற்ற பிறகு சும்மா கிடந்த ஓடு வேய்ந்த தொழுவத்தில், பக்கத்து வேம்பின் நிழலில் வைத்திருக்கிறேன். கரைசல் டிரம்மைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, மேலே ஈரச்சாக்கு போட்டிருக்கிறேன். காற்று வறண்டு வீசும் மாதங்களில் ஈரச்சாக்கு நன்றாகவே குளிர்விக்கும். உவரி மாதிரிக் கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் இருப்பதால் அங்கே மண்ணில் புதைப்பதைத்தான் நம்ப வேண்டும்.

உரம் பற்றிச் சுருக்கமாக. உரக்கடையில் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள 19:19:19 எடுத்துக் கொடுப்பார்கள். அதில் தழைச்சத்தின் ஒரு பங்கு யூரியாவாக இருக்கும். யூரியாவை மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் மாற்றிக் கொடுத்தால்தான் செடி சரியாக எடுக்கும். இங்கே மண்ணே கிடையாது. கால்சியமும் அதில் இல்லை. நான் போடுவது 100 லிட்டருக்குக் கால்சியம் நைட்ரேட் 80 கிராம், 13:0:45 என்று விற்கும் பொட்டாசியம் நைட்ரேட் 40 கிராம், 0:52:34 என்று விற்கும் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 20 கிராம், மக்னீசியம் சல்பேட் 40 கிராம், இரும்பு ஈ.டி.டி.ஏ. 2 கிராம், அப்புறம் நுண்ணூட்டக் கலவை பாக்கெட்டில் சொன்ன அளவு. ஆர்.ஓ. தண்ணீரில் இதைக் கரைத்தால் மீட்டர் 850 பக்கம் காட்டும். ஒவ்வொன்றையும் தனித்தனி மக்கில் கரைத்து ஊற்ற வேண்டும். கால்சியம் நைட்ரேட்டை மட்டும் கடைசியாக, நன்றாகக் கலக்கிக்கொண்டே ஊற்றுங்கள். கெட்டியான கரைசலாக அது மக்னீசியம் சல்பேட்டையோ 0:52:34-ஐயோ சந்தித்தால் வெள்ளையாகத் திரிந்து அடியில் படியும். பிறகு அது செடிக்கும் ஆகாது, நாசிலுக்கும் ஆகாது. பி.எச். 5.5-க்கும் 6.2-க்கும் நடுவில் இருக்கட்டும். எலுமிச்சைச் சாறு விட்டால் இறங்கும், ஆனால் ஓரிரு நாளில் மறுபடி ஏறிவிடும். பாஸ்பாரிக் ஆசிட் சில துளி போதும், கையுறை போட்டுக்கொண்டு.

இப்படிப் பாலக்கீரையும் புதினாவும் சிறுகீரையும் வளர்த்தேன். வளர்ந்த வேகமும் இலையின் சுத்தமும் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. ஆச்சி புதினாவைக் கிள்ளித் துவையல் அரைத்துவிட்டு, “வாசனைக்குக் குறைவில்லலே” என்றாள். ஆனால் ஆற்றுப் பாசனத்தில் விளைந்து டவுன் மார்க்கெட்டுக்கு வருகிற கீரைக்கட்டின் விலையோடு ஆர்.ஓ. தண்ணீரும் கரையும் உரமும் நிழல்வலையும் போட்டு வளர்த்தது போட்டி போட முடியாது. வீட்டுச் சமையலுக்குச் சரி. கடன் வாங்கிக் கீரைப் பண்ணை போட நினைப்பவர்களைப் பார்த்தால் தயவுசெய்து யோசியுங்கள் என்றுதான் சொல்வேன்.

திருப்பம் வந்தது சர்வீஸுக்குப் போன வீட்டில். காவல்கிணறு பக்கத்து அண்ணாச்சி ஒருவர், பிச்சித் தோட்டம் வைத்துத் தோவாளை சந்தைக்குப் பூ அனுப்புகிறவர். நான் சொல்வதை எல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, கீரை கிடக்கட்டும். என் பிச்சிக் குச்சியை இதுல சொருவிப் பாருங்க. பதியம் போட்டா பாதி வந்தாலே பெருசு. எது புடிச்சிருக்கு, எது அழுவிப்போச்சின்னு மண்ணைத் தோண்டியா பார்க்க முடியும்?” என்றார். அவர் கேட்ட அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் இந்தப் பெட்டி சரியான பதில். மூடியைத் தூக்கினால் ஒவ்வொரு குச்சியின் அடியும் தெரிகிறது. 1944-இல் க்ளோட்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் எலுமிச்சை இனச் செடிகளையும் வெண்ணெய்ப் பழச் செடிகளையும் சாரலில் வளர்த்தது, அவற்றின் வேர்நோய்களைக் கண்ணால் பார்த்துப் படிக்கத்தான். ஏரோபோனிக்ஸ் என்ற பெயரையே 1957-இல்தான் வென்ட் என்பவர் வைத்தார். இன்று சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனம் நோயில்லாத விதைக் கிழங்கு எடுக்க இதே முறையைப் பயன்படுத்துகிறது. கிழங்கு அந்தரத்தில் தொங்குவதால் வேண்டிய அளவு வந்ததும் அதை மட்டும் பறித்துக்கொண்டு செடியைத் தொடர்ந்து வளர விடலாம். அங்கேயும் சாப்பிடுகிற கிழங்குக்காக இதைச் செய்யவில்லை, விதைக்காகத்தான் என்பதைக் கவனியுங்கள்.

பிச்சிக்கு நாங்கள் கண்டுபிடித்து வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். குச்சியைக் காலையில் வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். இளம்பச்சையும் வேண்டாம், முற்றிய கட்டையும் வேண்டாம். வளைத்தால் லேசாக எதிர்க்கிற பருவம். மூன்று, நாலு கணு இருக்கட்டும். அடிவெட்டு கணுவுக்குச் சற்றுக் கீழே, கூர்மையான பிளேடால், நசுங்காமல். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேலே உள்ளவற்றைப் பாதியாகக் கத்தரிக்க வேண்டும். ஐ.பி.ஏ. வேர் ஹார்மோனில், 1000 பி.பி.எம். அளவில், அடியைத் தொட்டு எடுத்துச் சொருகலாம். வேர் வரும்வரை வெறும் மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர்ச் சாரல் மட்டும்; வேரில்லாத குச்சிக்கு உரம் போட்டால் அது பாசிக்குத்தான் போகும். பெட்டிக்குள் அடிப்பக்கம் நனைந்துகொண்டிருந்தாலும் மேலே இலை காயும். அதனால் மேலே ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஷீட்டால் கூடாரம் மாதிரி மூடி, அதற்கு மேல் நிழல்வலை.

முதலில் வெட்டுவாயைச் சுற்றி வெளிர்நிறத்தில் தடித்த வளையம் வரும். அப்புறம் கணுவுக்குப் பக்கத்தில் தோலைக் கீறிக்கொண்டு அரிசி நுனி அளவில் வெள்ளைப் புள்ளிகள் முளைக்கும். அதுதான் வேர். புதினாவில் இது ஒரு வாரத்தில் நடக்கும், பிச்சிக்கு ஒரு மாதம், சில சமயம் அதற்கும் மேல். கறுத்து அழுகுகிற குச்சியைப் பார்த்த அன்றே உருவி எடுத்துவிட்டால் பக்கத்துக் குச்சிக்குத் தொற்றாது. புள்ளி தெரிந்ததும் கால்பங்கு உரக்கரைசலுக்கு மாற வேண்டும். மீட்டரில் 200 சொச்சம்.

பெட்டியிலிருந்து மண்ணுக்கு மாற்றும்போதுதான் அதிகம் சாகும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காற்றில் வளர்ந்த வேர் மிக மென்மையானது. மண்ணைத் தள்ளிப் பழகாதது. நீளமாக வளரவிட்டுப் பார்க்க ஆசையாக இருக்கும். வேண்டாம், ஒன்றோடொன்று பின்னிப் பிரிக்கையில் அறுந்துபோகும். மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் ஆனதும் எடுத்துவிடுங்கள். கழுவிய தென்னைநார்க் கழிவும் மணலும் மக்கிய எருவும் கலந்து பையில் பாதி நிரப்பி, குச்சியை நடுவில் பிடித்துக்கொண்டு, மீதியைச் சுற்றிலும் தூவ வேண்டும். விரலால் அமுக்கக்கூடாது. தண்ணீர் ஊற்றினாலே கலவை தானாக அமர்ந்து வேரைப் பிடித்துக்கொள்ளும். அந்த முதல் தண்ணீரும் கால்பங்கு உரக்கரைசலாகவே இருக்கட்டும். பிறகு ஒரு வாரம் பிளாஸ்டிக் கூடாரத்துக்குள். அடுத்த வாரம் சாயங்காலங்களில் மட்டும் திறந்து வைத்து, அதன்பின் காலையும் திறந்து, கடைசியாக வெயிலுக்கு. அவசரப்பட்டால் ஒரே மத்தியானத்தில் எல்லாம் தலை சாய்ந்துவிடும். இப்படிப் போன கன்றுகள் அண்ணாச்சியின் தோட்டத்தில் பதியத்தில் வருவதைவிடக் கண்கூடாக அதிகம் பிழைத்து நிற்கின்றன. அவர் இப்போது தொழுவத்துக்கே வந்து மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

கரண்ட் விஷயம் பலருக்குப் பயம். வேர் அந்தரத்தில் இருப்பதால், கோடை மத்தியானத்தில் அரை மணி நேரம் சாரல் நின்றாலே நுனிகள் வாடத் தொடங்கிவிடும். அந்தப் பயம் நியாயமானதுதான், ஆனால் கணக்குப் போட்டால் தீர்வு சின்னது. ஆறு நாசில் உள்ள ஒரு பெட்டிக்கு நாலு நிமிடத்துக்கு நாலு வினாடி என்றால் மணிக்கு மொத்தம் ஒரு நிமிடம்தான் சாரல். முக்கால் லிட்டருக்கும் குறைவான தண்ணீர். டேங்கில் அழுத்தம் இருப்பதால் பம்ப் மணிக்கு ஓரிரு நிமிடம் ஓடினால் போதும். பம்ப் 24 வோல்ட், 30 வாட் அளவு. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் பராமரிப்புக்காக ஒரு பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தினாலும் தாங்கும். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் கரண்ட் போனபோது இந்தப் பேட்டரிகள்தான் பெட்டியை ஓட்டின. டைமரும் சோலனாய்டும் அதே பேட்டரியில் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். பம்ப்புக்கு மட்டும் பேட்டரி கொடுத்துவிட்டு டைமரை வீட்டுக் கரண்டில் மாட்டினால் பயனில்லை.

கீழே வாளியில் சேரும் தண்ணீரை நான் திரும்ப டிரம்மில் ஊற்றுவதில்லை. அளவு கொஞ்சம்தான், அது கறிவேப்பிலைக்கும் முருங்கைக்கும் போகிறது. உப்பு கூடுகிற பிரச்சினையும் இல்லை, ஒரு குச்சியின் நோய் எல்லாவற்றுக்கும் போகிற பிரச்சினையும் இல்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த அழுத்தச் சாமான்கள் எல்லாம் வாங்க வேண்டியதில்லை. 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி, வெளியே கறுப்பும் அதன்மேல் வெள்ளையும் அடியுங்கள். அடியில் ஏர் கூலர் பம்ப், அதன் வாயில் ஒரு குழாய்த் துண்டு, மேலே சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் சுற்றி வீசும் சிறு தெளிப்பான். ஒரு நிமிடம் ஓடி நாலு நிமிடம் நிற்கும்படி டைமர். இதன் துளி பெரிது, முழுச் சாரல் ஆகாது. ஆனாலும் குச்சி வேர்விட இது போதும். தண்ணீரை நாலு நாளைக்கு ஒரு தடவை மாற்றுங்கள், ஏனென்றால் பம்ப் உள்ளேயே கிடந்து தண்ணீரைச் சூடாக்கும். சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் தண்டு தடித்ததாக, பூக்காததாகப் பார்த்து எடுத்து, கணுவுக்குக் கீழே வெட்டிச் சொருகுங்கள். வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றிவிட்டு, வாளியைப் பிளீச்சிங் போட்டுக் கழுவி, அடுத்ததாகக் கற்பூரவல்லியோ செம்பருத்தியோ வையுங்கள். பிச்சியை மட்டும் ஆடிக் காற்று அடங்கி, புரட்டாசி பிறந்த பிறகு தொடங்குங்கள்.